கொடி விழுந்தால் ஆள் காலி

புதுச்சேரி முதலியார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த சந்து சரியாக ஒரு கார் அகலம். கார் உள்ளே நுழைந்துவிட்டால் எதிரே ஒரு மொபெட்கூட வர முடியாது. இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும். எங்கள் வீட்டுக்கார அக்கா மொபெட்டில் வந்தால் பின்னால் போவது கார்தான். ஒரு நாள் சாயங்காலம் ஏதோ கல்யாண வீட்டுக் கார் பாதிச் சந்துக்கு வந்துவிட்டது. அக்கா எதிரே வந்து நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா எஞ்சினை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார்.

டிரைவர் இறங்கி வந்தார். "ஏம்மா, நீ நாலடி தள்ளிக்கினா நான் போய்டுவேன்ல?"

"நீ நாப்பதடி போனா நானும் போய்டுவேன்ல?"

ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது கார் பின்னால் போனது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். "சிரி, சிரி. ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு வருவல்ல, அப்ப சிரி பாக்கலாம்."

கூடப் பிறந்த அக்கா இல்லை. அவர் கீழ்வீட்டில் தனியாக இருந்தார், நானும் என் மனைவியும் மாடியில் வாடகைக்கு. பெயர் சொல்லப் போவதில்லை. அவர் பெயரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள கத்தோலிக்கக் குடும்பம். ஒரே தம்பி பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் செட்டிலாகிவிட்டார். அக்காவுக்கும் பாஸ்போர்ட் இருந்தது, ஆனால் போகவில்லை. "வரமாட்டேன்னு ஒரு தடவ சொல்லிட்டேன். அப்புறம் எப்படிப் போறது?" என்பார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அது அவருக்கே மறந்து போயிருந்தது.

நான் பாகூர் பக்கத்துக் கிராமத்து ஆள். வீட்டில் நெல்லும் கரும்பும். எனக்கு டவுனில் சாரம் பக்கம் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனை வேலை. யுத்தம் என்றால் பஸ் ஸ்டாண்டில் சீட்டுக்குப் போடுகிற சண்டைதான் தெரியும். அப்படிப்பட்டவனை அக்கா சேனாதிபதி ஆக்கினார்.

சுனாமிக்கு அப்புறம் இரண்டு வருஷம் இருக்கும். கிறிஸ்துமசுக்குத் தம்பியிடமிருந்து ஒரு பெரிய பார்சல் வந்தது. அதை வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வைத்தவன் நான்தான். பிரித்தால் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட பலகை, விரலளவு பிளாஸ்டிக் சிப்பாய்கள் இருநூறுக்கு மேல், ஈட்டிக்காரன், வில்காரன், குதிரைக்காரன், குட்டைத் தாடிக்காரன், பச்சை முகத்துப் பிசாசுகள், ஒரு பெரிய சிலந்தி. கூடவே எண்பது பக்கப் பிரெஞ்சுப் புத்தகம். தம்பி தன் மகனுக்கு ஒன்று வாங்கும்போது, அக்கா தனியாக இருக்கிறாளே, பொழுது போகட்டும் என்று இன்னொன்று வாங்கி அனுப்பிவிட்டார்.

அக்கா ஒரு வாரம் புத்தகத்தைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்குக் கீழிருந்து குரல் வந்தது. "தம்பி, எறங்கி வா. எதிர்ல ஆள் இல்லாம சண்ட எப்படிப் போடுறது?"

ஆட்டம் சுலபம்தான். ஒரு குழுவில் மூன்று நான்கு சிப்பாய்கள். சீட்டு எடுத்துக் குழுக்களை நகர்த்த வேண்டும், எதிரிக்குப் பக்கத்தில் போனதும் பகடை உருட்ட வேண்டும். பகடையில் கத்தி விழுந்தால் எதிராளியின் சிப்பாய் ஒருவன் காலி. கடைசிச் சிப்பாயும் போனால் குழு காலி. எதிராளியின் ஆறு குழுக்களை யார் முதலில் அழிக்கிறாரோ அவர் ஜெயித்தார். பகடையில் இன்னொரு பக்கத்தில் சின்னக் கொடி ஒன்று இருந்தது. "த்ரப்போ," என்றார் அக்கா. "கொடி விழுந்தாலும் ஆள் காலி."

"கத்திக்கும் காலி, கொடிக்கும் காலின்னா எதுக்குக்கா ரெண்டு படம்?"

"வெள்ளக்காரன் போட்டிருக்கான். என்னைக் கேட்டா?"

"பின்னாடி ஓடித் தப்பிக்கவெல்லாம் முடியாதா?"

"பின்னாடி எங்க போவான்? பின்னாடி என்னா இருக்கு?" என்று கேட்டுவிட்டு என் வில்காரனைத் தூக்கித் தட்டில் போட்டார்.

அந்த ஆட்டம் ரத்தக் களரி. ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் சுடுகாடாகிவிடும். ஆனால் ருசி கண்டுவிட்டேன். அடுத்த கிறிஸ்துமசுக்கு ஒரு கூடுதல் பெட்டி வந்தது, அதில் கூலிப்படை. ஈஸ்டருக்கு இன்னொன்று, அதில் முழங்கை உயரத்துக்கு ஒரு ராட்சசன். ஒவ்வொரு பெட்டியிலும் புதுச் சட்டங்கள், எல்லாம் பிரெஞ்சில். அக்கா சனிக்கிழமை படிப்பார், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பார். நான் கேட்டுக்கொள்வேன். எனக்குப் பிரெஞ்சில் தெரிந்தது 'மெர்சி' ஒன்றுதான்.

பலகையில் எப்படியோ வெளியிலும் அப்படித்தான். ஒரு முறை வில்லியனூர்க் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் பேச்சு சுவாரசியத்தில் கடலூர் பஸ்சில் ஏறிவிட்டார். கண்டக்டர் நல்ல மனுஷன், அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தி, "எறங்கிக்கம்மா, எதிர்ல பஸ் வரும்," என்றிருக்கிறார். அக்கா, "ஏறியாச்சு. கடலூருக்கு ஒரு டிக்கெட் குடு," என்று சொல்லி, கடலூர் போய், டீ குடித்துவிட்டு, சாயங்காலம் பட்டுப்புடவையோடு திரும்பி வந்தார். இன்னொரு முறை கோயில் பாட்டுக் குழுவில் ஏதோ தகராறு. சாமியார் கூப்பிட்டு, "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க, முடிஞ்சிடும்," என்றாராம். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை, பங்குக் கோயிலையே மாற்றிக்கொண்டார். தெருமுனைக் கோயிலைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போய்ப் பூசை பார்த்துவிட்டு வருவார். பதினோரு வருஷமாக.

இதையெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். "உங்க அக்காவ நம்பி ஒரு ரிவர்ஸ் கியர் கம்பெனி வெச்சா திவால்தான்," என்பாள் என் மனைவி. தெருவில் எல்லாரும் இப்படித்தான் பேசினார்கள். அந்த அம்மா கேக்காது, சொல்லிப் பிரயோசனம் இல்லை. சொல்வதில் ஒரு பெருமைகூட இருந்தது, ஏதோ நம் தெருவில் ஒரு கோட்டை இருக்கிறது என்கிற மாதிரி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஆட்டத்தில் ஏமாற்ற மாட்டார். கொடி விழுந்து அவர் ஆள் செத்தாலும் அதே முகத்தோடு எடுத்துத் தட்டில் போடுவார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். என் மனைவிக்குக் கரு கலைந்தபோது, "நாப்பது நாளைக்கு மாடியில அடுப்புப் பத்தவெக்கக் கூடாது, சாப்பாடு என்னோடது," என்றார். நாற்பது நாளும் லேபுக்குப் போகிறதுக்கு முன்னால் மூன்று பேருக்குச் சமைத்தார். நாற்பத்தோராம் நாள் காலையில், "இன்னையிலேர்ந்து நீயே பொங்கித் தின்னு," என்று தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுஷிக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்காது.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் கடைசியில் அக்கா வேளாங்கண்ணிக்கு நடந்து போவார். புதுச்சேரியிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போவார்கள், காவி உடை, முன்னால் மாதா தேர். அக்கா செருப்பில்லாமல். அவருக்குச் சர்க்கரை இருந்தது எங்களுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் சர்க்கரை பார்க்கிறவர் தன் விரலையும் குத்திப் பார்த்து, எழுதாமல் விட்டிருக்கிறார். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று வருகிற நோயாளிகளைத் திட்டுவாராம், லேபில் அவரோடு வேலை செய்த பெண் பிறகு சொன்னாள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டதில் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது போலிருக்கிறது.

நான் சொல்கிற வருஷம் சிதம்பரத்தைத் தாண்டி எங்கோ வலது காலில் ஆணி ஏறியிருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. சாயங்காலம் கால் கழுவும்போது கூட வந்தவர்கள்தான் பார்த்தார்கள். கூட்டத் தலைவர் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். அக்கா ஆணியைப் பிடுங்கிப் போட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்ச தூரத்தையும் நடந்தார். திரும்பி வந்து இதையும் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

செப்டம்பர் முழுக்க ஆடினோம். அக்டோபரில் அக்கா வலது காலில் மட்டும் சாக்ஸ் போட ஆரம்பித்தார். வீடு முழுக்க ஓதெகொலோன் சென்ட் வாசனை. தம்பி பாட்டில் பாட்டிலாக அனுப்பி வைப்பது, அதுவரை தலைவலிக்கு நெற்றியில் தடவ மட்டும் எடுப்பார். இப்போது மேசைக்கடியில் தெளித்திருந்தார். என் மனைவிதான் முதலில் சொன்னாள்.

"என்னங்க, அக்கா வூட்டுல அந்த சென்ட்டுக்கு அடியில வேற ஒரு நாத்தம் வருது. உங்களுக்கு வரல?"

வந்தது. எலி செத்திருக்கும் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். அக்கா முற்றத்தில் பேசினில் காலை வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போன் அடித்தது. தம்பி எப்போதும் கூப்பிடுகிற நேரம். அக்கா ஈரக் காலோடு எழ முடியாமல் என்னை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்றார் தம்பி.

வாசல் வழியாக அக்காவைப் பார்த்தேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"நல்லா இருக்காங்க சார். குளிச்சிட்டு இருக்காங்க."

போனை வைத்துவிட்டு வந்து கத்தினேன். அப்படி அவரிடம் நான் கத்தியதே இல்லை. "என்னாக்கா இது? நீங்க லேப்ல வேல செய்யிறவங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நம்ம ஆஸ்பத்திரி டாக்டர் பாத்துட்டார். ரெண்டு வெரல எடுக்கணும்ங்கறார். உடனே சேருங்கறார். நான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னுட்டேன்டா. அவ்ளோதான்."

"ரெண்டு வெரலுக்காக உசுர விடுவீங்களா?"

 அக்கா காலைத் துடைத்து, சாக்சை மெல்ல ஏற்றினார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஒண்ணு பண்ணு. அடுத்த ஞாயிறு ஆடலாம். நீ ஜெயிச்சன்னா திங்கக்கெழம காலையில நானே போய்ச் சேந்துடறேன். நான் ஜெயிச்சா அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது."

கிறுக்குத்தனம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அது பெரிய வழியாகத் தெரிந்தது. அவர் வாக்கு மாறமாட்டார். மன்றாடி நடக்காதது ஒரு ஆட்டத்தில் நடக்கும். ஒரு வாரம் போகிறதே என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. மாடிக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

கடைசியாக வந்த பெட்டியைத் தம்பி எங்கோ வேறு நாட்டில் வாங்கியிருக்கிறார். அதில் பிரெஞ்சுப் புத்தகத்தோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் இருந்திருக்கிறது. அக்கா அதை வெளியே எடுக்கவே இல்லை. காலிப் பெட்டியை வெங்காயம் போட்டுக்கொள்ளச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்தபோது அது அடி அட்டைக்குக் கீழே கிடந்தது. என் மனைவி பி.காம். பொழுது போகாமல் படித்திருக்கிறாள்.

"கொடி வுழுந்தா ஆள் சாக மாட்டான்ங்க," என்றாள். "ஒரு கட்டம் பின்னாடி போவணும். அவ்ளோதான். போறதுக்கு எடம் இல்லன்னாதான் சாவு. இதோ, படம் போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். படத்தில் ஒரு ஈட்டிக்காரன் பக்கத்தில் கொடி, அவன் பின்னால் போக ஒரு அம்புக்குறி. இரண்டு வருஷமாக நாங்கள் கொன்று குவித்தவர்களில் பாதிப் பேர் சும்மா ஒரு கட்டம் பின்னால் போயிருக்க வேண்டியவர்கள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அக்காவும் இதே சட்டத்தில் எத்தனை முறை தோற்றார் என்று நினைத்துப் பார்த்ததும் கோபம் போய் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இத எடுத்துட்டுப் போங்க," என்றாள் மனைவி. "உங்க ஆள் சாவுற நேரம் வந்தா காட்டுங்க. புஸ்தகத்துல இருக்கறத அவங்களால இல்லன்னு சொல்ல முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கொண்டுபோகிற ரெக்சின் பையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அக்கா முகம் வெளிறி இருந்தது. காய்ச்சல் அடிப்பது தெரிந்தது. ஆனாலும் சிப்பாய்களை அடுக்கி வைத்திருந்தார். எனக்கு ராட்சசனைக் கொடுத்தார். தனக்குச் சிலந்தி.

நான் என் வாழ்க்கையில் அப்படி ஆடியதில்லை. ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை யோசித்து எடுத்தேன். முதலில் அவர் மூன்று குழுக்களை எடுத்தார், பின்னாலேயே நானும் மூன்றை எடுத்தேன். நாலரை மணிக்கு ஐந்துக்கு ஐந்து. அவருடைய கடைசிக் குதிரைக்காரன் ஒற்றை ஆளாக என் ராட்சசனுக்குப் பக்கத்திலேயே நின்றான். என் முறை வந்தால் நான்கு பகடை உருட்டலாம். நான்கில் ஒரு கத்தி விழுந்தாலும் போதும், அவன் காலி, ஆறு ஆகிவிடும், திங்கட்கிழமை காலையில் ஆட்டோ பிடிக்கலாம். ஆனால் முறை அவருடையது. ராட்சசனை ஒரே அடியில் சாய்க்க முடியாது. என்னிடமும் ஒற்றை ஆளாக ஒரு ஈட்டிக்காரன் நின்றான். அக்கா சிலந்தியை அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். மூன்று பகடை எடுத்தார். உருட்டினார்.

ஒன்று வெறும் பக்கம். இன்னொன்றும் வெறும் பக்கம். மூன்றாவது கொடி.

ஈட்டிக்காரனுக்குப் பின்னால் கட்டம் காலியாக இருந்தது. ஒன்றல்ல, மூன்று கட்டம்.

அக்கா உடனே அவனை எடுக்கவில்லை. எப்போதும் பகடை நிற்பதற்கு முன்பே கை போய்விடும். அன்றைக்குப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பை நாற்காலிக் காலருகில் இருந்தது. என் கை அதன் வாய் வரைக்கும் போனது.

"என்னா?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ காரணம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் பொய் சொன்னீங்க என்று அந்த முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது. வயதில் பெரியவர், சோறு போட்டவர். எல்லாம் உண்மைதான். இன்னொன்றும் உண்டு. அது தீபாவளிச் சீசன். அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கூட இருக்க வேறு ஆள் கிடையாது, நான்தான் இருக்க வேண்டும், கடையில் லீவு கேட்டால் முதலாளி சீட்டைக் கிழிப்பார். அந்த நேரத்தில் இது என் தலைக்குள் ஓடவே இல்லை என்று சொன்னால் என் வாய் புழுத்துப் போகும். ஓடியது. கை பையின் வாயில் இருந்தபோதே ஓடியது.

அக்கா ஈட்டிக்காரனை எடுத்துத் தட்டில் போட்டார். "ஆறு," என்றார். ஜெயித்தவர் குரலாக அது இல்லை. நான் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். மாடிக்குப் போனதும் மனைவி, "காட்டினீங்களா?" என்றாள். "அந்த மாதிரி சந்தர்ப்பமே வரல," என்றேன். அவள் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். பகடை எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை.

பதினோரு நாள் நான் வாய் திறக்கவில்லை. அது ஒப்பந்தமாம். பன்னிரண்டாம் நாள் காலையில் குளியலறையில் விழுந்தார். சத்தம் கேட்டு என் மனைவிதான் ஓடினாள். இரண்டு பேருமாகத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். டாக்டர் சாக்சைக் கத்தரித்துப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, தொடை வரைக்கும் எடுத்தாக வேண்டும், எடுத்தாலும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். கடைக்குப் போன் செய்து லீவு சொன்னேன். முதலாளி, "பாத்துக்கப்பா, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஒரு நிமிஷப் பேச்சு.

ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறதற்கு முன்னால் அக்காவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. வெளியே பிள்ளைகள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"பொஸ்தகம் பையில இருந்துச்சுல்ல?" என்றார்.

முதலில் புரியாத மாதிரி நடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. "உங்களுக்கு எப்படிக்கா..."

"பை வாயப் பொளந்துக்கிட்டுதான கெடந்துச்சு. இங்கிலீஷ் பொஸ்தகத்த எந்தப் பெட்டியில வெச்சுக் குடுத்தேன்னு எனக்குத் தெரியாதா? தங்கச்சி படிக்கட்டும்னுதான் குடுத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா."

"என்னான்னு சொல்லுவேன்? ரெண்டு வருஷமா நான் சொன்னது பொய்யின்னா?" மூச்சு வாங்கினார். "கொடி வுழுந்ததும் உன் கையத்தான்டா பாத்துக்கிட்டு இருந்தேன். எடுப்ப, எடுப்பன்னு."

"எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா அவன் பின்னாடி போயிருப்பான். உன் மொற வந்திருக்கும். நான் தோத்திருப்பேன்." கண்ணை மூடிக்கொண்டார். "தோத்தா வந்திருப்பேன். வாக்குக் குடுத்தேன்ல."

அழுதேன். அவர் காலைத் தொடலாம் என்று குனிந்தேன், எந்தக் காலை என்று தெரியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் வந்து வழி விடச் சொன்னாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் அக்கா போய்விட்டார்.

தம்பி பாரிசிலிருந்து வந்து சேர்ந்தார். பதினோரு வருஷம் அக்கா கால் வைக்காத தெருமுனைக் கோயிலிலேயே பூசை வைத்தார்கள், செத்தவரைக் கேட்க முடியாதல்லவா. அடக்கம் முடிந்து கீழ்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தெருக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். என் மனைவி எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"நீங்க கூடவே இருந்தீங்க," என்றார். "வாரா வாரம் பாத்தீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒருத்தரும் சொல்லலியா?"

 என் மனைவி தட்டோடு நின்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

"எவ்ளோ சொல்லியும் அக்கா கேக்கல சார்," என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "அது எங்க கேக்கும்," என்றார் ஒருவர். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்," என்று சொல்லி, தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு நன்றி சொன்னார். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அக்காவைத் தெரிந்த யாருக்கும் வராது. என் மனைவி மட்டும் எனக்கு வைத்திருந்த காபியைத் தட்டிலிருந்து எடுக்காமல், அப்படியே உள்ளே கொண்டுபோனாள்.